நானே கேட்டாலும் கொடுக்காதே

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், எருத்தேன்பதியில், ஒரு மாசி மாதத்து மத்தியானம். சித்தூர் தாலுகாவில் நில அளவை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்தொன்பது. எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டில் கோயில் தெருக் குடும்பத்தில் பிறந்தவன் நான். சக்கைப் பிரதமன் என்கிற பலாப்பழப் பாயசத்துக்காகவே கல்யாணங்களுக்குப் போனவன். மாப்பிள்ளையின் பெயர் தெரியாமல்கூடப் போயிருக்கிறேன். காப்பியில்கூடச் சர்க்கரை கிடையாது என்று ஆனதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஃபைலைப் பிரிப்பேன், மூடுவேன், எழுந்து ஜன்னல் வரை போவேன், திரும்புவேன். கை தானாக மேஜை டிராயரைத் திறந்து துழாவும். அங்கே முத்திரை மையைத் தவிர வேறொன்றும் இருக்காது.

டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டால் வேளை தவறாமல் உணவு சாப்பிட வேண்டும், சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் கல்கண்டு இருக்க வேண்டும், மயக்கம் வருவது போலிருந்தால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். முதல் நாள் வைத்துக்கொண்டேன். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டது. மயக்கம் ஒன்றும் வந்திருக்கவில்லை. மறுநாளே கல்கண்டை ரத்து செய்தேன். விதிக்கு ஒரு விலக்கு வைத்தால் அதன் வழியாக ஊரே நுழைந்துவிடும் என்பது ஆபீசில் நான் தினமும் பார்த்த காட்சி.

அத்தோடு விடவில்லை. என்னை நானே நம்பாததால், வீட்டில் மனைவிக்கும் வெளியில் என் செயின்மேனுக்கும் ஓர் உத்தரவு போட்டேன். செயின்மேன் என்றால் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். யார் இனிப்பு நீட்டினாலும் தடுக்க வேண்டும்; நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது; கெஞ்சினாலும் மிரட்டினாலும் கூடாது. மனைவி சிரித்தாள். செயின்மேன் சிரிக்கவில்லை.

அன்றைய வேலை ஒரு வரப்புத் தகராறு. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளித் தன் நிலத்தில் ஏறிவிட்டார் என்று ஒரு விவசாயி மனு கொடுத்திருந்தார். மனுதாரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது என்னுடைய இன்னொரு சட்டம். அதனால் கோதுமை தோசை கட்டிக்கொண்டு போயிருந்தேன். டப்பா வேப்பமரத்தடியில் இருந்தது. எல்லைக்கல் ஒன்று அகப்படவில்லை. கல் கிடைத்ததும் சாப்பிடலாம் என்று பன்னிரண்டு மணிக்கு நினைத்தேன். இரண்டரை மணிக்கும் அதையே நினைத்துக்கொண்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த விவசாயியின் தோட்டத்து மறுகோடியில் வெல்லம் காய்ச்சும் கரும்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கொப்பரையில் பாகு கொதித்துத் திரளும் வாசனை, காற்று திரும்பும்போதெல்லாம் வந்து முகத்தில் மோதியது. கொஞ்ச நேரத்தில் எனக்குள் பரபரப்பு ஆரம்பித்தது. வந்துவிட்டது பழைய ஆசை என்று பல்லைக் கடித்தேன். வழக்கமாகச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும், அன்று அடங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. பென்சில் பிடித்த விரல்கள் நடுங்கின. விவசாயி எதையோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். சங்கிலி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எப்படி நடந்தேன் என்று தெரியாது; கொப்பரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அந்த வெல்லத்தை எடு" என்றேன் செயின்மேனிடம்.

"மாட்டனுங்க சார்."

"நான் சொல்றேன், எடு!"

"நீங்க சொன்னாலும் குடுக்கப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"மெமோ குடுப்பேன்!"

"மெரட்டினாலும்னு அதையுஞ் சேத்திச் சொல்லிப்போட்டீங்க சார்."

ஆலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் உத்தரவு இவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறதே என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அடுத்த கணம் கால் மடங்கிக் கரும்புச் சக்கையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிக்காதவர் அந்த விவசாயி ஒருவர்தான். கிட்டே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆசையில்லீங்க. எங்கண்ணனுக்குச் சக்கரைக்கு ஊசி. ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இப்படித்தான் வேர்த்து ஊத்தும்."

சாறு நிரம்பிய சொம்போடு அவர் திரும்பியபோது செயின்மேன் குறுக்கே கையை நீட்டினார். "சாருக்கு ஆகாதுங்க. ஆர்டருங்க."

"ஆர்டரு கெடக்குது, தள்ளப்பா. ஆளு போயிட்டா ஆருகிட்டப் போயி ஆர்டர் வாங்குவே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனாம். மனுதாரர் கையால் வாங்க மாட்டேன், இது லஞ்சம் என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை.

"லஞ்சமுன்னே எழுதிக்குங்க. மொதல்ல முழுங்குங்க" என்று அவர் என் தாடையைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கால் மணி நேரத்தில் மரம் மரமாகத் தெரிந்தது, மனிதர்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள். தோசையைச் சாப்பிட்டுவிட்டு அளவுப் புத்தகத்தைப் பார்த்தேன். கடைசி ஒரு மணி நேரத்து எண்கள் எந்த நிலத்துக்கும் பொருந்தாதவை. மறுபடி அளக்க வேண்டும் என்றேன். "அதுக்கென்னுங்க, வாங்க. சோத்த மட்டும் நேரத்துக்குத் தின்னுபோடுங்க" என்றார் விவசாயி. அடுத்த வாரம் ஒழுங்காக அளந்ததில் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. உரிய படிவத்தில், உரிய கெடுவுக்குள், என் மேல் அப்பீல் செய்தார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாத மனு.

டாக்டர் திட்டினார். "வெறும் ஆசைன்னா பொறுத்துப் பாருங்கோ, தானாப் போயிடும். வேர்த்து நடுங்கினா ஒரு நிமிஷம் பொறுக்காதேங்கோ" என்றார். மனைவி கல்கண்டைச் சின்னத் துணிப் பையில் போட்டு ஒற்றை நூலால் தைத்துக் கொடுத்தாள். அவசரத்துக்குப் பல்லால் இழுத்தால் அறுந்துவிடும். வெறும் ஆசைக்கு அதைப் பிரிக்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். இனிப்பை விட்டது விட்டதுதான். பந்தியில் பிரதமன் வரும்போது மோரை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஆனால் என்னை இன்றும் தூங்கவிடாமல் புரட்டுவது வேறொன்று. அன்று திரும்பும்போது பஸ் வரும் வரை செயின்மேன் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. எட்ட நின்று துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்டதும், "நா உங்களக் கொன்னுபோட்டிருப்பனுங்களே சார்" என்றார். தப்பு என்னுடையது, உத்தரவு என்னுடையது என்று எத்தனையோ முறை சொன்னேன், எழுதிக்கூடக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். தான் ஓய்வு பெறும் வரை எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்கூட என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். என் ஆசையை என்னால் அடக்க முடியாமல் அந்தக் காவலை இன்னொரு மனிதரின் தலையில் வைத்தேன்; அதனால் வந்த பயத்தை அவர் எந்தக் காகிதத்தாலும் இறக்கிவைக்க முடியாமல் சுமந்தார் என்பதை நினைக்கும்போது, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.