கிறிஸ்துமஸ் கோப்பையில் பதினான்கு தலைகள்

ஆகஸ்ட் மாதத்து வெயிலில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லிண்டா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் கிறிஸ்துமஸ் படங்கள் எல்லாம் தயாரா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையில் வளர்ந்தவளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் கடைசிதான். தைக்கக் கொடுத்த சட்டையை இருபத்துநான்காம் தேதி சாயங்காலம்தான் தையல்காரர் தருவார். அதிலும் ஒரு பொத்தான் குறையும். கனடாவின் இந்த வின்னிபெக் நகரத்தில் அப்படி இல்லை. பனி விழுவதற்கு வெகு முன்பே யாருக்கு என்ன கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்துவிடுகிறார்கள். இதை நான் முதலில் அவசரம் என்று நினைத்தேன். அக்கறை என்று புரிவதற்கு ஒரு வருஷம் வீணாகப் போக வேண்டியிருந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் அச்சிடுவதற்கான படங்களை இணையத்தில் ஏற்றி வைப்பேன். யாராவது ஒன்று கேட்டால், வேறு ஊரிலுள்ள அச்சுக்கூடம் அந்த ஒன்றை மட்டும் அடித்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பும். எனக்குச் சரக்கும் கிடையாது, கடையும் கிடையாது. முந்தைய வருஷம் கிறிஸ்துமஸ் படங்களை நம்மூர் வழக்கப்படி டிசம்பர் பதினெட்டாம் தேதி ஏற்றினேன். அச்சாகித் தபாலில் போய்ச் சேர நாளாகுமே என்பது புத்தியில் உறைக்கவே இல்லை. ஒருவரும் சீந்தவில்லை. இந்தக் கிறிஸ்துமஸும் கைவிட்டுப் போனால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கோழி இறைச்சி ஆலையில் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கணவரிடம் நானே சொல்லியிருந்தேன். அந்த ஆலையின் குளிரில் மூன்று வருஷம் நின்றவள் நான். திரும்பிப் போக எனக்குப் பயமாக இருந்தது.

எனக்குப் படம் போட்டுத் தருபவன் சித்தி மகன் சுபின். நாகர்கோவிலில் பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறான். பனிமனிதன், கலைமான், தேவதாரு மரம் என்று ஒரு பட்டியல் அனுப்பினேன். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் வந்த முதல் படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். பனி படர்ந்த மரத்தின் கீழே வரிசையாகப் பதினான்கு தலைகள். எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். ஏதோ கல்யாண போர்டுக்காக அவன் கம்ப்யூட்டரில் கிடந்த படங்கள். பெரிய மீசை வைத்த எங்கள் மாமா கலைமானுக்குப் பக்கத்தில் நின்று முறைத்தார். கீழே ஆளாளுக்குப் பெயர். உச்சியில் ஒரு மேகத்துக்குள், இறந்துபோன என் அப்பாவும் அம்மாவும்.

உடனே கூப்பிட்டேன். "எலே, ஒரு கப்புல என்னத்துக்குல இத்தன தல?"

"மாதிரிக்கு வச்சதுக்கா. பேரும் படமும் இல்லாம யாரு வாங்குவா? இங்க ஒரு சின்னப்பிள்ள படம் விட்டுப்போச்சுன்னா கடைக்கு வந்து சண்ட பிடிக்காங்க."

"அப்பாவயும் அம்மாவயும் எதுக்கு மேல வச்ச?"

"செத்தவங்கள விட்டுட்டுப் பெருநாள் வாழ்த்து எப்பிடிக்கா போட?"

வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் ஆகாது, தலைகளை எடு என்று திட்டிவிட்டு வைத்தேன். அன்று மத்தியானம் லிண்டா ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். மேஜையில் கம்ப்யூட்டர் திறந்தபடியே இருந்தது. மேகத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பெற்றோர், இறந்துவிட்டார்கள், படம் போட்டவன் தெரியாமல் செய்துவிட்டான், எடுத்துவிடுவோம் என்று தடுமாறிச் சொன்னேன்.

"ஏன் எடுக்க வேண்டும்?" என்றார் லிண்டா.

அவர் கணவர் வால்டர் அந்த வருஷம் ஏப்ரலில்தான் இறந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை வாங்குவது அவர்கள் வீட்டு வழக்கம். எல்லாவற்றையும் கோடையிலேயே முடித்துவிடும் லிண்டா இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாராம். எட்டு என்று எழுதவும் முடியவில்லை, ஏழு என்று எழுதவும் கை வரவில்லை என்றார். இங்குள்ளவர்கள் துக்கத்தைக் கல்லறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தவள் நான். என்னை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

வால்டரின் படத்தைச் சுபினுக்கு அனுப்பினேன். ஏரிக்கரையில் தூண்டிலோடு, நசுங்கிய தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் படம். "அக்கா, அந்தத் தொப்பிய எடுக்காண்டாம், கேட்டியளா. அவரு பிரியமா போட்டிருக்காரு" என்றான். பார்த்திராத ஒரு மனிதரைத் தொப்பியோடு அத்தனை மரியாதையாக மேகத்தில் உட்கார வைத்தான். அவனை எண்ணி நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. லிண்டா கோப்பையைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தன் தேவாலயத்துப் பெண்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டார். அக்டோபர் முடிவதற்குள் இந்த ஊர்த் தாத்தாக்களில் பாதிப்பேர் நாகர்கோவில் கடையில் மேகம் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்கு நான் போகவில்லை.

நவம்பரில், எங்கள் வீட்டுக்கும் ஒரு படம் போட்டுக் கொடு என்று சுபினிடம் கேட்டு, நான், கணவர், மகள் மூவரும் நிற்கும் படத்தை அனுப்பினேன். ஒரு நாளில் முடிக்கிற வேலைக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டான். வந்த படத்தில் கீழ் வரிசையில் சொந்தம் முழுக்க நின்றது. மேகத்தில் அப்பாவும் அம்மாவும். நாங்கள் மட்டும் இரண்டுக்கும் நடுவில், மரத்தின் பாதி உயரத்தில்.

"எங்கள என்னத்துக்குல அந்தரத்துல விட்டுருக்க?"

"கீழ நிக்கவங்க எல்லாம் ஊர்ல உள்ளவங்கல்லாக்கா. அதுல நிறுத்துனா பொய்யா இருக்கு. மேல வைக்கவும் மனசு வரல்ல."

படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். "அப்பிடியே இரிக்கட்டும் மக்கா" என்றேன். அச்சுக்கூடத்தில் இரண்டு கோப்பைகள் அடிக்கச் சொன்னேன். ஒன்று என் சமையலறையில் இருக்கிறது, மற்றொன்று இராஜாக்கமங்கலத்தில் என் அண்ணன் வீட்டில். இரண்டிலும் நாங்கள் மூவரும் தரைக்கும் மேகத்துக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்.