முன்கூட்டியே நடந்த வழியனுப்பு ஜெபம்

எங்கள் சபையில் ஒரு குடும்பம் வெளிநாடு கிளம்பினால் வழியனுப்பு ஜெபம் உண்டு. ஆராதனை முடிந்ததும் அவர்களை முன்னால் முழங்காற்படியிட வைத்து, சபைப் போதகரான ஐயர் ஜெபிப்பார். பிறகு வெளியே எல்லோருக்கும் கேக்கும் மிக்சரும். விசா கைக்கு வந்த பிறகு நடத்துவதுதான் வழக்கம். நாங்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வருவதற்கு முன்பே நடத்திவிட்டோம். எங்கள் திருமணத்தை நடத்திய ஐயருக்கு இடமாறுதல் வந்திருந்தது. "அவியதான் ஜெபிக்கணும்" என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்போது நான் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் திறமையாளர் விசாவுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று இடம் ஒதுக்குவார்கள். நாங்கள் விண்ணப்பித்த மாநிலத்திலிருந்து அழைப்பு உறுதி என்று ஏஜென்ட் சத்தியம் செய்யாத குறை. ஜெபம் முடிந்த சில நாட்களில் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். என் தொழில் அவர்களுடைய புதுப் பட்டியலிலேயே இல்லை. எனக்கோ நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது ஆகிவிட்டால் வயதுக்கான மதிப்பெண் குறைந்து, வாசல் அடைத்துவிடும்.

விடைபெற்ற ஊரிலேயே தொடர்ந்து குடியிருப்பதைப் போல எரிச்சலான காரியம் வேறில்லை. பால் வாங்கப் போனாலும், முடி வெட்டப் போனாலும், "அண்ணாச்சி, இன்னும் போவலியா?" என்பார்கள். ஒருவர், "போயிட்டுத் திரும்பி வந்தாச்சா?" என்றே கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாம் அதற்குள் சாத்தான்குளத்தில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. வண்டி பிடித்துத் திருப்பி அனுப்புவதாக அக்கா சொன்னாள். மனைவி சம்மதிக்கவில்லை. திரும்ப வாங்கினால் விசுவாசம் இல்லை என்றாகிவிடுமாம்.

"அப்ப கர்த்தர் வந்து நமக்குப் பதிலா தரையில படுப்பாரா?" என்று கேட்டேன். அவள் பாயை விரித்தாள்.

அந்தக் காலத்தை இப்போது நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. சாமான் இல்லாத வீட்டில் எங்கள் பேச்சு எதிரொலிக்கும். அதற்காகவே மெதுவாகப் பேசப் பழகினோம். சண்டைகூடத் தாழ்ந்த குரலில்தான். போகத்தானே போகிறோம் என்று விடுமுறை நாட்களில் பஸ் ஏறிச் சுற்றினோம். கடற்கரைச் சாலையில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வேம்பார் வரை போனோம். குலசேகரன்பட்டினத்தில் தசராக் கூட்டத்தில் மாட்டி விழித்தபோது, காளி வேஷம் போட்ட ஒருவர் நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்துப் போ தாயி" என்று அவளுக்கு வழிவிட்டார். அன்று இரவெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேலையிலும் அப்படித்தான். கிரேன் மேல் ஏறினால் அதுவரை வயரும் சுவிட்சும்தான் என் கண்ணில் படும். அந்த வருடம் கடலையும் பார்க்கத் தொடங்கினேன்.

ஒதுக்கீடு மறுபடி மாறியது. வேறொரு மாநிலம் தன் உட்பகுதி ஊர்களுக்கென்று தனி இடங்களை அறிவித்தது. கோதுமை விளைகிற, கடலே இல்லாத ஊர்கள். என் நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு அழைப்பு வந்துவிட்டது. மனைவியிடம் போனை நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"வந்துட்டுல்லா" என்றாள்.

"வரணும்னுதான கேட்டோம்" என்றேன்.

இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

விசாவும் வந்தபின் புதிய ஐயரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். "ஒருக்க ஜெபிச்சு அனுப்பியாச்சாமே? அதுவே போதும்" என்று சிரித்தார். சபையாரும் அப்படியே நினைத்துவிட்டார்கள் போல. முதல் தடவை எத்தனை பேர் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாங்கள்தான் அன்று கேக் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

ரயிலடிக்கு அக்கா மட்டும் வந்திருந்தாள். மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்புவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

"ஏளா, நாங்கதான் போன தடவையே அழுது முடிச்சிட்டோமே. நீ என்னத்துக்கு இப்பப் போய் அழுத?" என்றாள்.

மணியாச்சி தாண்டும்வரை மனைவி அழுகையை நிறுத்தவில்லை. நானும்தான்.