மிச்சமிருந்த ஆசிரியர்

என் கணவர் மாலத்தீவில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சிறு தீவில் கணக்கு ஆசிரியராக இருந்தபோது நானும் நான்கு வயது மகளும் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். அந்த நாட்களில் நான் விடாமல் வாசித்தது அந்தத் தீவின் முகநூல் பக்கத்தைத்தான். சரக்குப் படகு எப்போது வரும், வெங்காயம் இறங்கியதா, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எல்லாம் அவர்கள் மொழியில் இருக்கும். கீழே வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலத்தில் இரண்டு வரி. ‘நாளை காற்று பலமாக இருக்கும், படகில் போக வேண்டாம்’ என்று அந்த இரண்டு வரி சொன்னால் இங்கே எனக்குச் சோறு இறங்காது. வேறு எந்தச் செய்தித்தாளும் அந்தத் தீவைப் பற்றி எழுதியதில்லை.

அந்தப் பக்கத்தை நடத்தியது ஒரே ஒரு பெண். காலையில் சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதுவார். மதியத்துக்கு மேல் செய்தியாளர்; அவசரம் என்றால் காலையிலும் போடுவார். ஒருமுறை தன் அம்மாவின் கண் அறுவைக்காகத் திருவனந்தபுரம் வந்து மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கணவர் சொன்னதால் நான் தினமும் போய், டாக்டர் மலையாளத்தில் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

நான் பத்திரிகைப் படிப்பு படித்தவள். மகள் வயிற்றில் வரும்வரை ஒரு வருடம் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்தேன். அந்தத் தோரணையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் கேட்டேன், ஏன் யார் பெயரையும் போடுவதில்லை, ‘ஒரு படகுக்காரர்’, ‘வடக்குப் பக்கத்து வீடு ஒன்று’ என்றே எழுதுகிறீர்களே என்று.

அவர் சிரித்தார். “போடாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போடாமல் இருந்தால், மறுநாள் அவரும் நானும் ஒரே கடையில் நின்று ஒன்றுமே நடக்காததுபோல் வெங்காயம் வாங்கலாம்.”

எனக்கு அது அப்போது சரியாகப் பிடிபடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைப் பிளே ஸ்கூலில் விட்டு வந்து ஃபோனைத் திறந்தேன். வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் மாணவனை ஸ்கேலால் அடித்ததாகப் பெற்றோர் புகார் செய்திருக்கிறார்கள், பள்ளி விசாரிக்கிறது, எல்லோரும் பொறுமையாக இருக்கவும் என்று போட்டிருந்தது. அங்கே பிள்ளைகளை அடிப்பது குற்றம். வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். அந்தப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்கள் மூன்றே பேர். இங்கிலீஷுக்கு ஒரு இலங்கைப் பெண். ஆங்கில வரியில் ‘ஹீ’ என்று ஆணாகச் சொல்லியிருந்ததால் அவர் இல்லை. பிறகு என் கணவர், இன்னொருவர் சயன்ஸ் சார்.

கணவரின் ஃபோன் அணைந்திருந்தது. பரீட்சை வாரத்தில் ஆசிரியர்கள் ஃபோனை மாலைவரை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். நான் அடுக்களைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். முன்பு அவர் வீட்டில் ட்யூஷன் எடுத்தபோது மேசையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். மேசையைத் தட்டத்தான். ஒருநாள் அது ஒரு பையனின் விரலில் பட்ட சத்தம் அடுக்களைக்குக் கேட்டது. நான் குக்கரை இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அது இப்போது நினைவுக்கு வந்ததுதான் என்னை அவ்வளவு அவசரப்படுத்தியது.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அது என் கணவர் இல்லை, தயவுசெய்து அதைச் சொல்லிவிடுங்கள்.

“உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?” என்று பதில் வந்தது.

“தெரியும்” என்று எழுதினேன்.

என் மேல் அவருக்கு ஆஸ்பத்திரி நாட்களின் நன்றி இருந்தது. அரை மணி நேரத்தில் பக்கத்தில் ஒரு வரி வந்தது: ‘கணக்கு ஆசிரியர் அல்ல.’ எனக்கு மூச்சு வந்தது. அந்த வரி வேறு என்ன சொல்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றரைக்குப் பிளே ஸ்கூல் வாசலில் சயன்ஸ் சாரின் மனைவியும் தன் மகளுக்காக நின்றிருந்தார். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் எல்லோரையும்போல நானும் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

“மோளே, அந்தப் பேஜ் பாத்தியா? கணக்கு சார் இல்லையாம். இங்கிலீஷு டீச்சரு பெண்ணு. பின்ன ஆரு அடிச்சது, ஸ்கூல் மணியா?” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எங்க ஆளு கொசுவக்கூட ஊதித்தான் விடும். அது பிள்ளைய அடிக்குமோ? ஒனக்கு அந்தப் பேஜ்காரியத் தெரியுமில்லே, ஃபோன்ல ஒண்ணு விளிச்சுக் கேளேன், ஆரு இப்படிச் சொன்னதுன்னு.”

“சரி சேச்சி, கேக்கறேன்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் மகளின் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடினேன்.

ஆறு மணிக்குக் கணவர் கூப்பிட்டார்.

“நாந்தான்” என்றார். “பெஞ்சத் தட்டினேன், கையில பட்டுது. மத்தியானமே ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். பையனோட அப்பாவும் சமாதானமாத்தான் போனார். அதுக்குள்ள எவனோ சொல்லி அந்தப் பேஜ்ல கணக்கு வாத்தியார் இல்லன்னு வந்திருக்கு.”

“எவனோ இல்ல. நான்தான் சொன்னேன்.”



“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“பையனோட மாமனுங்க ரெண்டு பேர் மீன்பிடிச்சிட்டு இப்பத்தான் கரையேறியிருக்கானுங்க. அவனுங்களுக்கு அந்தப் பேஜ்ல பாத்ததுதான் தெரியும். சயன்ஸ் சார் ரூமுக்குப் போறானுங்கன்னு கடையில சொன்னாங்க. நான் அங்க போறேன்.” வைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நிச்சயம் தெரியாமலே ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டேன், அடித்தது என் கணவர்தான், உடனே திருத்துங்கள். “ஹெட்மாஸ்டரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன்” என்றார் அவர். “காலையில் நான் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தடவை கேட்காமல் போட மாட்டேன்.” அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் வேண்டியிருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். சேச்சி கதவைத் திறந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “ஒன் எடத்துல நானா இருந்தா எனக்கும் பேடி வந்திருக்கும், பயந்துதான் போயிருப்பேன்” என்றார். “பட்சே நான் மொதல்ல ஒன்னைத்தான் விளிச்சிருப்பேன்.”

அப்போது அவர் கையிலிருந்த ஃபோன் அடித்தது. சயன்ஸ் சார். சேச்சி ஸ்பீக்கரில் போட்டார். சார் மெதுவாகப் பேசினார்: “கதவத் தட்டறானுங்க. நான் தொறக்கல. நீ பேடிக்காதே. மோளு பக்கத்துல இல்லையே?”

தட்டும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. ஆட்கள் புரியாத மொழியில் சத்தம் போட்டார்கள். என் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் தூரத்திலிருந்து ஒரு குரல் கிட்டே வந்தது. மூச்சு வாங்க ஆங்கிலத்தில், நான்தான், நான்தான், அவர் இல்லை என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டுவது நின்றது. பேச்சு கதவை விட்டு என் கணவர் பக்கம் திரும்பியது.

சேச்சி ஸ்பீக்கரை அணைக்கவில்லை. என்னை உள்ளே வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.