வேலுமணியின் காளான் கராஜ்

வேலுமணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். 2002இல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. நான் நாய் மாதிரி அலைந்து இன்னொரு கம்பெனியில் ஒண்டிக்கொண்டேன். அந்த மனுஷரோ சான் ஹோசே வீட்டு கராஜில் வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக்காளான் வளர்க்க ஆரம்பித்தார்.

ஒரு பவுண்டு ஐந்து டாலர். வைக்கோல், விதை, கரண்ட் மூன்றும் சேர்ந்து அதில் நாலைத் தின்றுவிடும். சான்டா கிளாராவில் ஒரே ஒரு ரெஸ்டாரன்ட்தான் வாரம் நாற்பது பவுண்டு எடுத்தது. டிசம்பர் குளிரில் ஒரு வாரம் காளான் முளைக்கவில்லை. இன்னொரு தடவை தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வேலுமணி வீட்டு ஹீட்டரை அணைத்துவைத்தார். கராஜில் மட்டும் ஹீட்டர் ஓடியது. மனைவி சாந்தாமணியும் மகள் வெண்பாவும் ஜாக்கெட்டோடு தூங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அறுபது பைகளிலும் பச்சைப் பூஞ்சை; இனி ஒரு காளான்கூடத் தேறாது. ஹீட்டர் பக்கத்தில் ஒரு தூக்குப் பாத்திரம். வீட்டுக் குளிரில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று சாந்தாமணி மூன்று வாரமாக மாவு அரைத்த போதெல்லாம் அங்கே வைத்திருக்கிறார். இவரும் ஒரு தூக்குதானே என்று விட்டிருக்கிறார். மாவு பொங்கி அலமாரிக்குப் பின்னால் வழிந்து, குட்டி ஈக்கள் மொய்த்தன. அந்த ஈக்கள்தான் பை பையாகப் பூஞ்சையைப் பரப்பியிருக்கின்றன.

"அறிவு இருக்கா உங்களுக்கு? அன்னைக்கே எடுக்கச் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"மெதுவாங்க அனந்து. அவளுக்குக் கேட்டுடும். வெத சரியில்லைன்னு சொல்லிக்கறேன்."

அங்கிருந்தே ரெஸ்டாரன்ட்டுக்கு போன் போட்டார். இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. அதோடு அந்த ஆர்டர் போயிற்று.

உள்ளே சாந்தாமணி தட்டு வைத்து, "சாப்புடுங்கண்ணா, இன்னைக்கு இட்லி நல்லா வந்திருக்குது" என்றார். பூ மாதிரிதான் இருந்தது. பாழாய்ப்போன இட்லி, நான் ஒன்றோடு கை கழுவிவிட்டேன். வேலுமணி ஐந்து சாப்பிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு வீட்ல மாவு அரைச்சுத் தரச் சொல்லிக் கேக்கறாங்க. கராஜ்ல இன்னும் ரெண்டு தூக்கு வெச்சுக்கட்டுங்களா? உங்க பைக்கு எடைஞ்சலா இருக்குமா?"

"எடைஞ்சல் ஒண்ணுமில்ல, வெச்சுக்க" என்றார் வேலுமணி. "இனி அங்க எடமெல்லாம் காலிதான்."