ஜன்னலில் ஒட்டிப் பார்த்த கல்யாணப் பத்திரிகை

எங்கள் ஸ்டுடியோவில் இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். டெல்லி ஜங்புராவில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறை அது. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் கட்டிலும் ஸ்டவ்வும். திருநெல்வேலிக்காரியான எனக்குத் தமிழ் எழுத்து வரும், படம் வராது. என் கூட்டாளி டெல்லியிலேயே பிறந்த மதுரைக் குடும்பத்துப் பெண். அவள் கோடு போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பேசுவாள், பாதி இந்தியில். இந்த லட்சணத்தில்தான் டெல்லித் தமிழர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கே கல்யாணம் கூடிவந்தபோது மாட்டிக்கொண்டோம்.

மாப்பிள்ளையின் அப்பா மதுரையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ரேஷன் கடை அறிவிப்பில் பிழை இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார் என்று கேள்வி. நிச்சயதார்த்தத்தில் இவளிடம், "டெல்லியில வளந்த பிள்ள. பத்திரிகையவாச்சும் தமிழ்ல அடிப்பீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானே அடிச்சுக் கொண்டு வரேன் மாமா, ஒரு தப்பு இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வாய் சும்மா இருந்தால்தானே!

பத்திரிகையை நான் தட்டச்சு செய்து, லேசர் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். மறுநாள் எனக்கு அம்மை போட்டுவிட்டது. அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனதால் பயமில்லாமல் வந்துபோனாள். பிளாப்பியை எடுத்துக்கொண்டு நாராயணா பகுதியில் இருந்த அச்சகத்துக்கும் அவளே போனாள். மூன்றாம் நாள் காலை, பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தாள். அரக்குச் சிவப்பில் தங்க எழுத்து. அத்தனை அழகு. படித்தேன். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் விசைகளுக்குத் தன் இஷ்டப்படி எழுத்தை ஒதுக்கிக்கொள்ளும். எங்கள் எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லை. அங்கிருந்தவர் பட்டியலில் கிடைத்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டார். எழுத்தெல்லாம் தமிழ்தான், ஆனால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில்கூடக் குழந்தை விசைப்பலகைமேல் தவழ்ந்துபோன மாதிரி ஏதோ இருந்தது.

"ஏட்டி, இத நீ பாத்துட்டா அடிக்கச் சொன்ன?"

"ஆமாடி. பிரஸ்ல இருந்த பையா புரூஃப் காட்டினாரு. தமிழாத்தான் இருந்துச்சு. அச்சா, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

கொப்புளம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "மாமாவும் இப்படித்தான் சிரிப்பாரு, இல்ல?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சாயங்கால ரயிலில் அவளுடைய சித்தப்பா பத்திரிகைக் கட்டோடு மதுரைக்குக் கிளம்ப வேண்டும்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. எழுத்துகளை வெறும் வளைகோடுகளாக மாற்றி அனுப்பியிருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே நின்றிருக்கும். 'கர்வ் போடுவது' என்போம். போட்ட பிறகு தட்டச்சு செய்து திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரியும், சோம்பல்தான். எழுந்து உட்கார்ந்து, சொறிந்துகொண்டே கர்வ் போட்டு பிளாப்பியில் ஏற்றினேன்.

இந்தத் தடவையும் புரூஃப் பார்க்கப்போவது அவள்தானே? நான் சரிபார்த்த லேசர் பிரதியைக் கையில் கொடுத்தேன். "புரூஃப இதுக்கு மேல வச்சு ஜன்னல் கண்ணாடில ஒட்டிப் பாரு. படிக்கவே வேண்டாம். கோட்டு மேல கோடு உக்காருதான்னு மட்டும் பாரு, போதும்."

மத்தியானம் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "மேல எல்லாம் கரெக்டா உக்காருது. கடைசி ரெண்டு வரி உக்காரல. உன் பேப்பர்ல நீளமா இருக்கு, இதுல சின்னதா இருக்கு. பையா ஜல்தி ஜல்திங்கறாரு. ரோக்கோ, நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன்."

கடைசி இரண்டு வரி கல்யாண மண்டபம். முதலில் பார்த்த மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் போதாது என்று மாமா வேறு மண்டபத்துக்கு மாற்றியிருந்தார். என் கம்ப்யூட்டரில் 'ஃபைனல்' என்று ஒன்று, 'புது ஃபைனல்' என்று ஒன்று. லேசர் பிரதி எடுத்தது புதியதில், அம்மைக் காய்ச்சலில் பழையதற்குக் கர்வ் போட்டு அனுப்பியிருக்கிறேன். அப்படியே அடித்திருந்தால் பெண் வீட்டுச் சொந்தம் மொத்தமும் ஊரின் இன்னொரு கோடியில் யாரோ கல்யாணத்தில் போய் நின்றிருக்கும்.

சொன்னேன். அச்சு இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிச் சிரித்தாள். "பஹுத் அச்சா! இப்ப யாரு யாரைப் பாத்து சிரிக்கணும்?" நன்றாக வேண்டும் எனக்கு. அன்றோடு எங்கள் ஸ்டுடியோவில் 'ஃபைனல்' என்ற பெயரை ஒழித்தோம். கோப்பு என்றால் தேதியும் மணியும்தான் பெயர்.

அவளே வந்து புது பிளாப்பியை எடுத்துப்போனாள், மறுபடி ஜன்னல், மறுபடி அச்சு. சித்தப்பா ரயிலேறும்போது பத்திரிகைக் கட்டிலிருந்து மை வாசனை போகவில்லை.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து போன். நாற்பது பேர் வகுப்பில் பேசிப் பழகிய குரல், ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "ரெண்டு தடவ படிச்சுட்டேன். ஒரு பிழ இல்லையேம்மா! யாரு புரூஃப் பாத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளையே கைகாட்டினேன்.

"நான்தான் மாமா. ஜன்னல்ல வச்சுப் பாத்தேன்."

"ஜன்னல் வெளிச்சத்துலயா? கண்ணு கெட்டுப்போகும்மா. லைட்டப் போட்டுப் படி."

"சரி மாமா" என்று போனை வைத்தவள் குதித்த குதியில் கீழ்வீட்டு ஆன்ட்டி கூரையைத் தட்டினார். பிறகு மிச்சமிருந்த ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுல என்னதான் எழுதியிருக்கு? மொதல்லேருந்து படி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய கல்யாணப் பத்திரிகையை இத்தனை நாளில் யாரும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை, நான் உட்பட. ஒவ்வொரு வார்த்தையாக விரலால் தொட்டு மெதுவாகப் படித்தேன். அவள் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது நானா?"

"நீதான்ட்டி."

விரலை எடுக்காமல், "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன்.