காற்றைக் குறைத்தவர்

காரின் கதவைத் தொடுவதற்கு முன்னால் நான்கு டயர்களையும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். ஒவ்வொன்றின் எதிரிலும் குந்தி, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு எழுந்திருப்பார். எழும்போது அவர் முட்டி சத்தம் போடும், டயர் போடாது. அந்த டயர்கள் மேல் அவருக்குள்ள முதல் வருத்தம் அதுதான். "தட்டினா பதில் சொல்லணும். இது கல்லு மாதிரி உக்காந்திருக்கு. காத்து இருக்கா, போயிடுச்சான்னு மூஞ்சியப் பாத்து ஒருத்தன் சொல்ல முடியாது" என்பார். பதில் வராது என்று தெரிந்தும் தினமும் கேட்கிறார். பழைய வண்டிகளில் பிடித்த பழக்கம். வண்டி மாறிவிட்டதை அவர் கைக்கு யாரும் சொல்லவில்லை.

குளியலறைக் குழாய்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் முதலாளிக்கு அவர் கார் ஓட்டுகிறார். நிறுவனத்து வளாகத்தில் மற்ற ஓட்டுநர்கள் அவரைக் 'காத்து' என்று கூப்பிடுகிறார்கள். பெட்ரோல் போடப் போனால் பெட்ரோலை விடக் காற்றுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வார் என்பதால் வந்த பெயர். ஆளும் ஒல்லியாக இருப்பதால் ஒட்டிக்கொண்டுவிட்டது. "என்ன காத்து, இன்னிக்கு உங்க ராஜா வண்டி எப்படி?" என்று சரக்கு வேன் ஓட்டுபவர் கேட்டால், "ராஜாவுக்கென்ன, பின்னாடி உக்காந்திருக்கறவங்களக் கேளு" என்று சொல்லிவிட்டு இடுப்பில் கை ஊன்றி ஒரு முறை பின்னால் வளைவார். அந்த வளைவுதான் அவருடைய கையெழுத்து. தூரத்திலிருந்து பார்த்தாலும் அவர்தான் என்று தெரிந்துவிடும்.

ராஜா வண்டியில் இருந்தது காற்று போனாலும் ஓடக்கூடிய டயர். பக்கச் சுவரே தடிமனாக, இறுகி இருக்கும். உள்ளே காற்று இல்லாவிட்டாலும் வண்டியின் பாரத்தை அந்தச் சுவர் கொஞ்ச தூரம் தாங்கும். விலை உயர்ந்த கார்களில் இதைப் போட்டுக் கொடுப்பது பாதுகாப்புக்காக என்கிறார்கள். நடு ரோட்டில் நிற்க வேண்டாம், கையில் அழுக்குப் படவேண்டாம். படவேண்டாத கை முதலாளியுடையது. எப்போதும் தாங்கத் தயாராக இருக்கும் சுவர் சாதாரண நாளிலும் விறைத்துக்கொண்டேதான் இருக்கும். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல் கூட முதுகுத்தண்டு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

கார் வாங்கிய அன்றே அவர் பின்பக்கத்தைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்டெப்னி எங்க?" என்று கேட்டார். "அதுக்குத் தேவையே இல்லைங்க" என்று விற்பனையாளர் சிரித்தார். ஜாக்கியும் இல்லை. கொல்லைக் கதவு இல்லாத வீட்டுக்குக் குடி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. முதலாளிக்கோ தலை கால் புரியவில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "டயர் பஞ்சரானாலும் இந்த வண்டி நிக்காது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொள்வார்: "நிக்காதுங்கறதுதானே பிரச்சனையே." பஞ்சர் என்றால் அந்தக் காலத்தில் ஓட்டுநருக்கு ஒரு விடுமுறை. டயர் மாற்றி, கை கழுவி, ஒரு டீ குடித்து, நாலு வார்த்தை பேசி வரலாம். அதையும் பிடுங்கிக்கொண்டது இந்த டயர்.

முதல் ஆணி ஏறியபோது தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணே, இதக் கழட்டவே என் மெஷினுக்குத் தெம்பு இல்ல. வாங்கின எடத்துலயே போய்க் கேளுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார். வாங்கிய இடத்தில், ஒட்டக் கூடாது, புதிதாகத்தான் போட வேண்டும், புதியது கப்பலில் வர வேண்டும் என்றார்கள். கப்பல் வரும்வரை ராஜா வண்டி தொழிற்கூடத்து மூலையில் முட்டுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. முதலாளியை அவர் மனைவியின் சின்னக் காரில் கூட்டிப்போனார். சாதாரண டயர் போட்ட, சாதாரண கார். ராஜா வண்டி வந்ததிலிருந்து ஓட்டுநருக்கு முதுகு வலிக்காத நாட்கள் அவை மட்டும்தான்.

வீட்டில் இந்த முதுகுக்கு மரியாதை இல்லை. மனைவி துணி தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். போக வர பஸ். தைலம் தேய்த்துவிடும்போது கை தேய்க்கும், வாய் வேறு வேலை பார்க்கும். "நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போயிட்டு வர்றேன். நீங்க மெத்தையில உக்காந்து போயிட்டு வந்து அய்யோ அம்மாங்கறீங்க. கேக்கறவங்க சிரிப்பாங்க, வெளிய சொல்லிடாதீங்க." அவர் குப்புறப் படுத்தபடி, "மெத்தைதான். மெத்தைக்குக் கீழ நாலு கருங்கல்லு" என்பார். "அப்ப வேலைய விட்டுடுங்க." "விட்டுட்டு?" இந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். அவர் வயதில் புதிதாக யாரும் ஓட்டுநரைச் சேர்ப்பதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

முதுகோடு போயிருந்தால் தைலத்தோடு முடிந்திருக்கும். முதலாளியின் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் குளியலறை அமைத்துத் தருகிற வீட்டில் அது நடந்ததைப் பற்றி வளாகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை; திறக்காமலேயே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, உடற்பயிற்சி சிகிச்சைக்காக அந்த அம்மாளை அடிக்கடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வேலை இவருக்கு வந்தது. ராஜா வண்டியில்தான் போக வேண்டும் என்பது மகனின் ஆசை. விலை அதிகம் எதுவோ அதுதான் அம்மாவுக்கு நல்லது என்று நம்புகிற பிள்ளை.

ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த அம்மாள், "அய்யய்யோ, பாத்துப்பா!" என்று அலறுவார். மருத்துவமனை ரோட்டுப் பள்ளங்களுக்கெல்லாம் ஓட்டுநர் பெயர் வைத்திருந்தார். அடுத்தடுத்து இருந்த இரண்டுக்கு 'அண்ணன் தம்பி'. தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாததற்குக் 'கிணறு'. சமதளம் போலத் தெரிந்து கடைசி நொடியில் வாங்கிக் கட்டிக்கொள்ள வைப்பதற்கு 'சம்பந்தி'. அத்தனையையும் ஒதுக்கி, கட்டை வண்டி போல ஊர்ந்து போனாலும் அந்தக் கிழவியின் இடுப்புக்குத் தகவல் போய்விடும். சாதாரண டயர் மாற்றலாமா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டார். "வண்டி செஞ்சவன் முட்டாளா?" என்று முதலாளி திருப்பிக் கேட்டார். இன்னொரு நாள் தாயார் இறங்கும்போது அழுதுவிட்டார். அன்று முதலாளி இவரைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வழக்கமாக 'வாப்பா, போப்பா' என்கிறவர் சொன்னார்: "டயர்ல ஒண்ணுமில்லைங்க. கைதான் சரியில்ல. இன்னொரு தடவ அம்மா அழுதாங்கன்னா நீங்க வேற எடம் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை நான்கு டயரையும் தட்டிவிட்டு, அவர் முதன்முறையாக மூடியைக் கழற்றிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டார். உஸ்ஸென்று அது போகும்போது அவருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. உடனே வண்டியில் காற்றுக் குறைவு விளக்கு எரிந்தது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. திரையில் ஒரு இடத்தைத் தொட்டால், இப்போது எவ்வளவு காற்று இருக்கிறதோ அதுதான் சரி என்று வண்டி எடுத்துக்கொள்ளும். தொட்டார். விளக்கு அணைந்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய புத்தியை ஒரு விரலால் ஏமாற்ற முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

அன்று 'சம்பந்தி' மேலேயே ஏறி இறங்கியும் பின்னாலிருந்து சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் தூங்காமல் வந்த நாளே இல்லை. முதலாளி மறுபடி விருந்தாளிகளிடம் ஆரம்பித்துவிட்டார்: "நல்ல டயர்னா கொஞ்ச நாள் ஓடிப் பழகணுங்க. இப்பப் பாருங்க, எங்கம்மா தூங்கிட்டு வர்றாங்க." ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், ஸ்டியரிங் அடம்பிடிக்கும் பிள்ளையின் கை மாதிரி இடது பக்கம் லேசாக இழுத்தது. ரோடு சாய்வாக இருக்கும் என்று நினைத்தார். விளக்கு எரியவில்லை. கையை நம்புவதா விளக்கை நம்புவதா என்று யோசித்து, விளக்கை நம்பினார். அந்த விளக்குக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்பது வெகு தூரம் போன பிறகே உறைத்தது. அப்போதுதான் அதுவும் எரிந்தது. ஓரம் கட்டி இறங்கினார். பின் இடது டயர் பார்வைக்கு ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருந்தது. பக்கச் சுவரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், பின் டயர் போச்சு."

"போனா என்னப்பா? ஓட்டிட்டு வா. அதுக்குத்தான அந்த டயர்?"

"ஓட்ட முடியாது சார்."

"வெளக்கு எரிஞ்சப்புறம் எவ்வளவு தூரம் போலாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கான். மெதுவா வா."

முதலாளி சொன்னது சரி. விளக்கு ஒழுங்கான விளக்காக இருந்திருந்தால். காற்றில்லாத டயர் இதற்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. சரி சார் என்று சொல்லிவிட்டு ஓட்டினால் வீடு போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். பின்னால் திரும்பிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சார், வெளக்கு லேட்டா எரிஞ்சுது. காத்தக் கொறச்சு வெச்சது நான்தான்."

 "அங்கயே இருங்க" என்றார் முதலாளி. 'இரு' அல்ல, 'இருங்க'.

மனைவியின் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டயரின் எதிரில் குந்திப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கும்."

"எத்தன நாளா நடக்குது இது?"

"அம்மா தூங்க ஆரம்பிச்சதிலேருந்து."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "நான் போற எடமெல்லாம் டயர் பழகிடுச்சு, டயர் பழகிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்."

"கேட்டேன் சார்."

"கேட்டுட்டு சும்மா இருந்தீங்க?"

"நீங்க சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்க."

தாயார் விழித்துக்கொண்டு, வீடு வந்துவிட்டதா என்று கேட்டார். மகன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, "அந்தக் கால் இல்லடா" என்று முனகினார். ஓட்டுநர் குறுக்கே வந்து, தோளைக் கொடுத்து, சரியான காலை முதலில் இறக்கி, சின்னக் காரில் உட்காரவைத்தார். "ஏன்டா, இவன் வரலையா?" என்றார் அந்த அம்மாள். "வண்டிக்குக் காவல் இருக்கணும்மா" என்றார் மகன். பிறகு இவர் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இழுத்துட்டுப் போற வண்டி வரும். சாவிய அவங்ககிட்டயே குடுத்துடுங்க. நாளைக்கு நீங்க வர வேண்டாம். தேவைப்பட்டா கூப்பிடறேன்."

"சரிங்க சார்."

சின்னக் கார் வேகமாகத்தான் புறப்பட்டது. கோபத்தில் இருக்கிறவரின் வேகம். கொஞ்ச தூரத்தில், மர நிழல் விழுந்த இடத்தில் பெயிண்ட் அழிந்துபோன ஒரு வேகத்தடை கிடந்தது. கார் அதை நெருங்கிக்கொண்டே போனது. கத்தினால் கேட்காத தூரம். ஓட்டுநர் ரோட்டோரச் சரளையில் நின்றபடி, குதிகாலை ஊன்றி, வலது காலின் முன்பாதத்தை மெல்ல, மிக மெல்ல, தரையில் அழுத்தினார். காரின் பின் சக்கரங்கள் ஏறி இறங்கும் வரை அதை எடுக்கவில்லை.