ஸகீனா ராத்தாவின் ‘நோத்ர்’

பதுளை கடைவீதிக்குப் பின்னால், எங்கள் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்து சட்டை தைத்தவர் ஸகீனா ராத்தா. தெருவுக்கே அவர் ராத்தா, அதாவது அக்கா. கல்யாணம் இல்லை. தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே தம்பி லத்தீப், கப்பலில் சமையற்காரனாகப் போய், பிரான்சில் கரையேறி, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதோடு அந்த மகராசனுக்குத் தமிழில் கடிதம் எழுதக் கை வலித்துவிட்டது. மனைவிதான் எப்போதாவது பிரெஞ்சில் நாலு வரி எழுதுவாள்.

அந்த நாலு வரிக்காக ராத்தா பிரெஞ்சு படித்தார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது ஏலம் விட்ட சாமான்களில் ஓர் இலக்கணப் புத்தகம் கிடைத்தது, விளக்கமெல்லாம் ஆங்கிலம். பள்ளியில் கற்ற கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்தார். ‘ஓன்’ என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டார்.

“பொல்லாத சொல்லு புள்ள. ஊருல எவனையும் சொல்லும், நம்மளயும் சொல்லும்” என்பார் என்னிடம்.

பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டுமாம். ‘ஸா’ வந்தால் யாரோ ஒருவர், தன்னுடையது. ‘நோத்ர்’ வந்தால் நாம், நம்முடையது.

எழுபத்தொன்பதில் தம்பி மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘ஓன்’ வீடு வாங்கியிருக்கிறது, ‘நோத்ர்’ வீட்டில் மூன்று அறை என்று எழுதியிருந்தாள்.

“ஸா இல்ல புள்ள, நோத்ர்! நம்மட வீடு! மூணாவது அறை பின்ன யாருக்கு?”

மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார். அறையை விடுவதாக வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ராத்தா, ‘எங்கட வீடு’ எண்டா பிரெஞ்சுல எப்படி வரும்?”

புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

“அதுக்கும் நோத்ர்தான்” என்றார். முகம் செத்துப்போயிற்று.

அன்றே தம்பிக்குத் தமிழில் எழுதினார். ஒரே கேள்வி: நம்மட வீடா, எங்கட வீடா?

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. உறையில் தம்பியின் கையெழுத்து. ஆறு வருடத்துக்குப் பிறகு அதைக் கண்டதும், பிரிக்கும் முன்பே கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே ஒரு வரி.

“ராத்தா, அது எங்கட வீடு. நீங்க அங்கயே சுகமா இருங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ராத்தா பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

“தமிழ் மறக்கல்ல பாத்தியா, புள்ள” என்றார். “சரியாத்தான் எழுதீக்கான்.”